ஒன்பது மணிக்கு வரும் வீடுகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது அடித்து நாலு நிமிடத்துக்கு, கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஏழாம் நம்பர் மேஜை கிடந்த இடத்துக்குத் தமயந்தியின் சமையலறை வந்து சேர்ந்தது. அடுப்பில் பால் இருந்தது, குக்கர் இரண்டு விசில் விட்டு மூன்றாவதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒண்டிப்புதூர் வெயிலும் பக்கத்து வீட்டு முருங்கை மரமும் ஒண்டிப்புதூரிலேயே இருந்தபடி தெரிந்தன. மேடை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, காதில் ஹெட்போனும் கையில் கரண்டியுமாக நின்ற தமயந்தி, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் அலுவலகத்து நீலக் கம்பளம் தெரிவதையும், அதற்கு அப்பால் கண்ணாடி அறைக்குள் மேனேஜர் மருதாசலம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "குட் மார்னிங் சார்" என்றாள். மருதாசலமும் குட் மார்னிங் சொன்னார். பால் பொங்கியது, அவள் போய் அணைத்தாள்.

இது எப்படி நடந்தது என்று அந்த மாடியில் யாரும் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை மருதாசலம் தன் கீழே வேலை பார்க்கும் பத்துப் பேருக்கும் அனுப்பிய மெயிலை எல்லாரும் படித்திருந்தார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குப் போன பத்துப் பேரும் வீட்டிலேயே தங்கிவிட, மருதாசலம் மட்டும் தினமும் கிளம்பி வந்து, காலி மேஜைகளுக்கு நடுவே உட்கார்ந்து, திரையில் பத்துப் பெயர்களையும் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் மருதாசலத்தின் போன் வரும். போத்தனூர் ஜெனிட்டா மவுஸைப் பிள்ளைத் தொட்டிலின் கயிற்றில் கட்டிவிட்டாள், தொட்டில் ஆடும்வரை பச்சை எரிந்தது, அந்த மாதம் அதிகம் உழைத்ததாக மருதாசலம் மெச்சி எழுதியது நிஜத்தில் எட்டு மாதக் கைப்பிள்ளையைத்தான். இப்படி மவுஸுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போன ஆத்திரத்தில்தான் அவர் அந்த வெள்ளிக்கிழமை மெயிலை எழுதினார். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் உங்கள் வீடு அல்ல, அலுவலகம் என்று எழுதினார். மழையை முன்னிட்டு யாரும் விடுப்புக் கேட்க வேண்டாம், வீட்டுக்குள் மழை பெய்வதில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். எழுதியது எழுதியபடி திங்கட்கிழமை பலித்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஒன்பதேகாலுக்குள் பத்து வீடும் வந்துவிட்டன. முழு வீடு வராது, லேப்டாப் எந்த அறையில் திறந்திருக்கிறதோ அந்த அறை மட்டும் வரும், அதன் கதவும் ஜன்னலும் வழக்கம்போல வீட்டுப் பக்கமே திறக்கும், ஆறு மணிக்கு மூடினால் திரும்பிப் போய்விடும் என்பதை இரண்டே நாளில் எல்லாரும் கண்டுகொண்டார்கள். மூன்றாம் நம்பரில் கோட்டைமேட்டு அன்வரின் கூடமும், அதில் முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும் அவன் உம்மாவும் வந்தார்கள். ஒன்பதாம் நம்பரில் பிரபாகரின் மேன்ஷன் அறை வந்தது, இரவுப் பணி முடித்த மூன்று அறைத்தோழர்கள் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு குறட்டை விட, அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் பிரபாகர் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியிருந்தது.

கீழே வாசலில் நிற்கும் காவலாளி சின்னராசுவுக்கு முதலில் ஒரு சட்டச் சிக்கல் வந்தது. வாசல் வழியாக வராத ஆட்களுக்கு எப்படி வருகைப் பதிவு போடுவது என்று யோசித்து, ஒரு நாள் முழுக்க ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மாடியில் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி, மாமியார், மாமனார், நாத்தனார், கைப்பிள்ளை என்று உறவுமுறையோடு எழுதிக்கொண்டார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று புரியாமல், "இங்கேயே இருக்கிறார்கள்" என்று எழுதினார். டீ கொண்டுவரும் முத்துக்கருப்பனுக்கு வியாபாரம் படுத்தது, ஏனென்றால் எந்த அறைப் பக்கம் போனாலும் அவருக்கே காபி கொடுத்தார்கள். ஒரு நாள் ஜெனிட்டா வீட்டில் காபி குடித்தபடி பேச்சு சுவாரசியத்தில் ஆறு மணி ஆனதைக் கவனிக்காமல் இருந்துவிட்டு, அந்த அறையோடு சேர்ந்து போத்தனூர் போய் இறங்கி, காலி கேனோடு பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, அலுவலக நேரத்தில் குக்கர் மூன்று விசிலுக்கு மேல் கூடாது, மீன் வறுப்பதைத் தவிர்க்கவும் என்று கேட்டுக்கொண்டது. அன்வரின் உம்மா இரண்டாவதை ஏற்கவில்லை, ஆனால் வறுத்த மீனில் ஒரு துண்டு எல்லா மேஜைக்கும் போனதால் புகார் எழுதக் கை வரவில்லை. வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள், அங்கே வாசப்படியும் இல்லாமல் போனதில் அடுத்த வீட்டுக் கஷ்டம் அடுத்த வீட்டுக்குத் தெரிய ஆரம்பித்தது.

தமயந்தியின் சமையலறையில் ஒரு கட்டில் கிடந்தது. பக்கவாதம் வந்து படுத்த அவள் மாமனாரை, வேலையும் பார்க்க வேண்டும் அவரையும் பார்க்க வேண்டும் என்பதால், அடுப்படிக்கே கொண்டுவந்து போட்டிருந்தாள். பஞ்சாலையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த மனிதர், இப்போது தானாகப் புரளக்கூட முடியாது. முதுகில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவரைப் புரட்டித் துடைத்து மருந்து வைக்க வேண்டும், அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை, மூன்றாம் நாள் சின்னராசு ரெஜிஸ்டரைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு கை கொடுத்தார், நாலாம் நாள் முத்துக்கருப்பனும் சேர்ந்துகொண்டார். அப்புறம் இரண்டு மணி என்றால் அந்த மாடிக்கே மாமனாரைப் புரட்டும் நேரம் என்று ஆகிவிட்டது. பிரபாகர் மட்டும் ஹெட்போனைக் கழற்றாமல் அவள் பங்கு குறிப்பையும் சேர்த்து அடித்துக் கொடுத்தான், அப்போது யாருடைய புள்ளியும் மஞ்சளாகவில்லை.

மருதாசலம் இதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார். அந்தப் புண்ணை முதல்முறை பார்த்தபோது காது மடல் சூடாகி, திரையில் இல்லாத எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். இரண்டு மாதம் முன்னால் தமயந்தி போனில் இதே இரண்டு மணிக்காகத்தான் கேட்டிருந்தாள். ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள், சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை அதற்கு ஈடாக உட்கார்ந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். மறுத்தது மட்டும் என்றால் ஒரு மேனேஜர் செய்கிற காரியம் என்று விட்டுவிடலாம். "வீட்டை வீட்டோட வெச்சுக்கோணும்மா. நான் வெச்சுக்கலையா?" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைதான் அவரை நிமிரவிடவில்லை.

ஏனென்றால் அவர் எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வபுரத்தில் அவருடைய வீட்டில் இரண்டு பேர். நாற்பத்தெட்டு வயது மருதாசலம் ஒருவர், முப்பத்தெட்டு வயதுத் தம்பி கனகு இன்னொருவன். கனகுவுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை, ஏழெட்டு வயதில் நின்றுவிட்டது. யாரையும் அடிக்க மாட்டான், எதையும் உடைக்க மாட்டான், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கேட்ட கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மருதாசலத்தைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்த அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கனகுவை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கதவு தானாகத் திறந்துகொண்டதால் அவசரமாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்து கூடத்துப் பக்கம் பொருத்தினார். சம்பந்தம் எப்படியும் கூடிவரவில்லை. தாழ்ப்பாள் மட்டும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு காரணத்துக்கா பஞ்சம். ஒரு தடவை கனகு தெருத் தாண்டிப் போய் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தான், அதனால் தாழ்ப்பாள் அவன் நல்லதுக்குத்தான் என்று ஆனது. உள்ளேயே குளியலறை உண்டு, டிவி உண்டு, மூன்றடுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு உண்டு, சுவர்க் கடிகாரம் உண்டு. முள் ஒன்றில் நின்றால் சாப்பிட வேண்டும், ஆறில் நின்றால் அண்ணன் திறப்பார், சத்தம் போடக் கூடாது, இந்த மூன்று பாடத்தையும் கனகு ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். பெருந்தொற்றில் எல்லாரோடும் மருதாசலமும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாளில், ஒரு மீட்டிங்கின் நடுவே கனகு வந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்துக் கையாட்டிவிட்டான். பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லிக் கேமராவை அணைத்தார் மருதாசலம். முப்பத்தைந்து வயது ஆளைப் பையன் என்று சொன்னதை யாரும் நம்பினார்களா என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் பயம். ஊரடங்கு தளர்ந்த முதல் நாளே அவர் அலுவலகத்துக்கு ஓடி வந்ததைக் கடமை உணர்ச்சி என்று தலைமை அலுவலகம் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. காலி மாடியில் தனியாக உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தபோது, தான் வேலைக்காக வரவில்லை, வீட்டைவிட்டு ஓடி வந்திருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்ததை மறக்கத்தான் பத்துப் பேரின் பச்சைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டார்.

வீடுகள் வர ஆரம்பித்ததும், மடியில் கனம் இருந்தவருக்கு வழியில் பயம் வந்தது. வீட்டில் லேப்டாப்பைத் திறக்கிற ஆளின் அறைதான் வரும், நான் இங்கேயே வந்து திறக்கிறேன், ஆகையால் என் வீடு வராது என்று தினமும் காலையில் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு படியேறினார். ஆனால் மற்றவர்களுக்கு அது குறையாகப் பட்டது. உங்கள் வீடு எப்போது சார் வரும் என்று அன்வரின் உம்மா கேட்டாள், சின்னராசு கேட்டார், ஜெனிட்டாவின் கணவன்கூட ஒரு நாள் சவரம் செய்துகொண்டே கேட்டான். எல்லார் வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டைக் காட்டாதவர் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று மருதாசலத்துக்கு இன்னொரு கூச்சம் சேர்ந்துகொண்டது. தனியாள் வீடு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பிடித்த மழை எட்டு மணிக்கும் விடவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்று, ஒரு பஸ் பாதி முங்கிக் கிடப்பதாகச் செய்தியில் காட்டினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போன மருதாசலம் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். விடுப்புப் போடலாம். ஆனால் வீட்டுக்குள் மழை பெய்வதில்லை என்று எழுதியவர் அவர்தானே, எந்த முகத்தோடு போடுவது. தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தவருக்கு, வருவது கூடம் மட்டும்தானே, ஒரு நாள் காட்டிவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடுமே என்று தோன்றியது. தோன்றியதும் ஒரு உற்சாகம்கூட வந்தது, அதை நினைத்துத்தான் அவர் பின்னால் அதிகம் வெட்கப்பட்டார்.

கூடத்தைப் பெருக்கினார், சோபாவுக்குத் துவைத்த விரிப்புப் போட்டார். கனகுவின் செருப்பை எடுத்து ஒளித்தார், அவனுடைய தட்டையும் டம்ளரையும் உள்ளே கொடுத்தார், சுவரில் அப்பா அம்மாவோடு இரண்டு பிள்ளைகள் நிற்கும் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகினார். கனகுவை உட்கார வைத்து, இன்றைக்கு ரொம்ப முக்கியமான நாள், தும்மல்கூட வரக் கூடாது என்றார், அவன் வாயைக் கையால் பொத்திக் காட்டிச் சிரித்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். பன்னிரண்டு வருஷமாகக் காலையில் போட்டு மாலையில் எடுத்துப் பழகிய தாழ்ப்பாள் அது. கூடத்தில் மறைக்க வேண்டியது இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், அந்தத் தாழ்ப்பாள் மட்டும் கண்ணில் படவே இல்லை. ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தார்.

மருதாசலத்தின் கூடம் கண்ணாடி அறை இருந்த இடத்தில் வந்து நின்றதும் மாடியே களை கட்டிவிட்டது. முதல்முறை போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால், ஒரு மணி ஆகட்டும், சாப்பாட்டு வேளையில் போகலாம் என்று எல்லாரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு மணிக்கு வந்தார்கள். தமயந்தி ஒரு சீப்பு வாழைப்பழமும் கற்கண்டும் எடுத்து வந்தாள், அன்வரின் உம்மா மூடி போட்ட பாத்திரத்தில் நெய்ச்சோறு கொண்டுவந்தாள், பிரபாகர் தன் அறையில் இருந்த ஒரே உருப்படியான பொருளான ஊறுகாய் பாட்டிலைத் துடைத்து எடுத்துவந்தான். சின்னராசு ரெஜிஸ்டரை மரியாதைக்காக வெளியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஆண்பிள்ளை தனியாக இருக்கிற வீடு மாதிரியா இருக்கிறது என்று உம்மா மெச்சினாள். வேறு யாரும் துணைக்கு இல்லையா என்றும் கேட்டாள். நான் மட்டும்தான் என்று மருதாசலம் சிரித்தபடி சொன்னார், சொல்வது எவ்வளவு எளிதாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அறையில் என்ன சார் என்று பிரபாகர் சும்மா கேட்டு வைத்தான். சாமான் போட்டு வைத்திருக்கிறேன் என்றார்.

அப்போது கதவுக்குப் பின்னால் டிபன் கேரியரின் கிளிப் கழலும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. ஒரு தட்டு எடுத்து வைக்கப்பட்டது, இரண்டாவது தட்டு எடுத்து வைக்கப்பட்டது. அப்புறம் ஒரு டம்ளர் விழுந்து, உருண்டு, எதிலோ முட்டி நின்றது. பிறகு, கதவோடு வாய் வைத்துச் சொல்வதுபோல, மெதுவான ஒரு குரல் வந்தது.

"தெரியாம விழுந்துருச்சுங்ணா."

உம்மா பாத்திரத்தின் மூடியைத் திறந்தவள் திரும்பவும் மூடினாள். தமயந்தி கதவைப் பார்த்தாள், கதவின் மேல் பக்கம் பார்த்தாள், அப்புறம் மருதாசலத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்குதுங்க."

மருதாசலம் அப்போதுதான் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தார். பித்தளை தேய்ந்து, தினமும் விரல் படுகிற இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. உடம்பில் துணி இல்லாமல் நடுத்தெருவில் நிற்பதுபோல் கூசியது. யாராவது ஏதாவது கேட்டால் சொல்வதற்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக் கதை தயாராக இருந்தது, ஆனால் யாருமே கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு எந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போவது. எழுந்தார். ஆறு மணிக்குத் தானாகத் திறந்து பழகிய கை, ஒன்றேகால் மணிக்கு அந்தத் தாழ்ப்பாளை நகர்த்த முடியாமல் இரண்டு தடவை வழுக்கியது.

கனகு கட்டில் ஓரத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். கதவுக்கு வெளியே அத்தனை முகங்களைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது, கை பாதிவரை ஆட்டுவதற்கு எழுந்தது. அப்புறம் அண்ணனின் முகத்தைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், கையை இறக்கிக்கொண்டான்.

"வெளிய வாடா கனகு" என்றார் மருதாசலம்.

"இன்னும் ஆறு ஆகலீங்ணா."

"பரவால்ல, வா."

கனகு தலையாட்டினான். இது ஏதோ சோதனை என்று அவன் நினைத்துவிட்டது தெரிந்தது. "நான் சத்தமே போடலீங்ணா. டம்ளர்தான் போட்டுச்சு. நான் ஆறு வரைக்கும் இருப்பனுங்ணா" என்றான்.

மருதாசலம் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அழாமல், வம்பு பண்ணாமல், வரவில்லை என்று மட்டும் நின்றான். கற்றுக்கொடுத்ததை அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தான். உம்மாதான் உள்ளே போனாள். அவன் தட்டில் நெய்ச்சோறு வைத்து, சாப்பிடு வாப்பா என்றாள், அவன் அண்ணனைப் பார்த்து அனுமதி கேட்டு, மருதாசலம் தலையசைத்த பிறகு சாப்பிட்டான். மற்றவர்கள் வாழைப்பழத்தையும் ஊறுகாயையும் மேஜை மேல் வைத்துவிட்டு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் அறைக்குப் போனார்கள். போகிறபோது ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை, ஒருவரும் உபதேசம் சொல்லவில்லை. சின்னராசு மட்டும் ரெஜிஸ்டரை எடுத்து, மருதாசலத்தின் பக்கத்தில் ஒரு வரி காலியாக விட்டிருந்த இடத்தில், பெயர் கேட்டு, "கனகராஜ், தம்பி" என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு வழக்கம்போல மாமனாரைப் புரட்டினார்கள். அன்றைக்கு மூன்றாவது கையாக மருதாசலம் போய் நின்றார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழவரின் தோளைத் தாங்கிப் பிடித்தபடி, அத்தனை கிட்டத்தில் அந்தப் புண்ணைப் பார்த்தார். மற்ற இருவரும் போன பிறகு, போனில் அன்றைக்குத் தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தமயந்தியிடம் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

தமயந்தி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "உங்க பேச்சைக் கேட்டு மூணு வாரம் நானும் அவரை உள்ளறையில போட்டுக் கதவைச் சாத்தி வெச்சனுங்க சார். ஒம்பதுலருந்து ஆறு வரைக்கும். அவரு கூப்பிட்டிருப்பாரு, ஹெட்போன்ல எனக்குக் கேக்கலீங்க. இந்தப் புண்ணு அப்ப வந்ததுதானுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய வெட்கத்தையும் எடுத்து அவர் வெட்கத்துக்குப் பக்கத்தில் வைத்ததுபோல் சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்கும் கனகு வரவில்லை, நாலு மணிக்கும் வரவில்லை. விரியத் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து, அலுவலகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனிட்டாவின் பிள்ளை தவழ்ந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தபோது அதற்குத் தன் டம்ளரைக் கொடுத்தான். மருதாசலம் கூடத்துப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய பச்சைப் புள்ளி மஞ்சளாகி, மஞ்சளும் அணைந்தது, சென்னையிலிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மழை விட்டிருந்தது. ஒன்பது மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் பாதிதான் தெரிந்தது, ஏனென்றால் அவர் உட்கார்ந்தது நாலு மணி நேரம் மட்டும்.

முள் ஆறில் நின்றது. மருதாசலம் லேப்டாப்பை மூடினார். பத்து அறைகளும் கம்பளமும் சின்னராசுவும் போய், அந்தப் பக்கம் செல்வபுரத்துச் சுவர் வந்து நின்றது. கனகு எழுந்தான், சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான், நிலையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தான். மேஜை மேல் இருந்த வாழைப்பழத்தையும் கற்கண்டையும் ஊறுகாய் பாட்டிலையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"யாருங்ணா அவங்கெல்லாம்?"

"என் கூட வேலை பார்க்கிறவங்கடா."

"என்னையப் பாக்கவா வந்தாங்க?"

மருதாசலத்துக்கு ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. காலையிலிருந்து எத்தனை பொய் சொன்ன வாய், இன்னும் ஒன்று சொன்னால் தம்பிக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் வரவில்லை.

"இல்லடா. நீ இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பன்னெண்டு வருஷமா சொன்னதில்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கனகு சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, பெரிய பாதியை அண்ணனிடம் நீட்டினான்.

"மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்ணா" என்றான். "நாளைக்குச் சொல்லுங்க."